பச்சையாங்க என்று கேட்டாள்

பச்சையாங்க என்றுதான் கேட்டாள், பச்சையாங்க, அந்தக் கல்லு தொட்டா சோப்புக்கட்டி மாதிரி வழவழன்னு இருக்குதுங்களா, நான் ஆமா என்றேன், அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்லை, எங்கள் வீட்டுக் குக்கர் விசில் மட்டும் கேட்டது, பிறகு சரிங்க, கம்பளி ரெண்டாப் போட்டுக்கோங்க என்றாள், வைத்துவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை போனில் நடந்தது. இப்போது எதற்கு அது ஞாபகத்துக்கு வர வேண்டும். இன்னும் கொஞ்ச நேரத்தில் வைவா, வாய்மொழித் தேர்வு, எதிரில் லேப்டாப், திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, தேர்வாளர் இணையும் வரை காத்திருக்கவும் என்று அதற்குக் கீழே எழுதியிருக்கிறது, எனக்குப் பின்னால் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், ஜன்னல் தெரியக்கூடாது, சுவரில் இருக்கிற படம் தெரியக்கூடாது, வெளியே மலை தெரியவே கூடாது. இருக்கிற இடத்தை நான் வாய்தவறிச் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ள சுபேதார் கபிரியேல் சாப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கேமராவுக்குள் தன் முழங்கை வருகிறதா என்று எட்டி எட்டிப் பார்க்கிறார். என்னப்பா மாதேஸ்வரா, கல்யாண மாப்பிள்ளை மாதிரி வேர்க்குது, இந்தக் குளிர்லயா என்கிறார். வேர்க்கத்தான் செய்கிறது. பரீட்சைக்காக என்று அவர் நினைக்கிறார். நானும் காலையிலிருந்து அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாறைகளின் மூன்று வகை, உருகி இறுகுவது, படிந்து உண்டாவது, அழுத்தத்தில் மாறுவது, எல்லாம் வரிசையாக வருகிறது, மாறுவது என்ற இடத்துக்கு வந்ததும் பச்சையாங்க என்ற அவள் குரல் வந்து குறுக்கே நிற்கிறது. ஏன் பேசாமல் இருந்தாள்? என் வீட்டுக்காரி தவமணி பேசாமல் இருக்கிற ஆள் இல்லை. போனில் கிடைக்கிற நேரம் எவ்வளவு குறைவு என்று அவளுக்குத் தெரியும், மூச்சு விடுவதற்குக்கூட நிறுத்த மாட்டாள்.

கல் என்றால் எனக்கு உடைக்கிற சாமான், அவ்வளவுதான். என்ஜினீயர் ரெஜிமெண்டில் சேர்ந்த நாளிலிருந்து துளை போடுகிறேன், வெடிமருந்து வைக்கிறேன், தள்ளி நின்று காதைப் பொத்திக்கொள்கிறேன், பாதை போடுகிறேன். ஒரு தடவை, எங்கே என்று சொல்வதற்கில்லை, வெடித்துப் பிளந்த பாறையின் உள்பக்கம் முழுக்கக் கோடு கோடாக இருந்தது, சிவப்பு, சாம்பல், மறுபடி சிவப்பு, யாரோ உட்கார்ந்து அடுக்கி வைத்த மாதிரி. அதற்கு முன் அதைப் பார்த்த மனிதன் ஒருவன்கூட இல்லை, நான்தான் முதல் ஆள் என்று தோன்றியது. ஏன் சாப் கோடு கோடா இருக்குது என்று கேட்டேன். கபிரியேல் சாப் அப்போது நாயப் சுபேதார். கோடு இருந்தா என்ன, கட்டம் இருந்தா என்ன, சாயங்காலத்துக்குள்ள ரோடு போகணும் என்றார். ரோடு போனது. கோடு என்னோடேயே வந்துவிட்டது. சமதளத்தில் கண்டோன்மெண்டில் இருந்த வருஷம், செல்போனில் நெட் இருந்தது, ஊர்க்காரன் ஒருவன் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் படை ஆட்களுக்கு இணைய வழிப் படிப்பு இருக்கிறது, கட்டணத்திலும் சலுகை என்று சொன்னான், அவன் சேர்ந்தது வணிகம், ரிட்டயர் ஆனபின் பேங்க்கில் வேலை கிடைக்குமாம், வாசலில் துப்பாக்கியோடு நிற்கிற வேலை இல்லை, உள்ளே உட்காருகிற வேலை. பட்டியலைத் தள்ளிக்கொண்டே போனேன். நிலவியல் பட்டயம் என்று இருந்தது. அப்படியென்றால் என்ன என்று தெரியாது, கல்லைப் பற்றியது என்று கீழே போட்டிருந்தது, சேர்ந்துவிட்டேன். தவமணியிடம் சொன்னபோது சிரித்தாள். கல்லைப் படிக்கப் போறீங்களா, கல்லு என்னங்க சொல்லும்?

ரெண்டு மாதம் ஒழுங்காகப் பார்த்தேன். ஹேமலதா மேடம் வீடியோவில் வருவார், மேஜை மேல் ஒரு கல்லை வைப்பார், இது எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டு நமக்கு யோசிக்க நேரம் கொடுக்கிற மாதிரி சும்மா இருப்பார். அப்புறம் யூனிட்டை மேலே ஏற்றினார்கள். மேலே என்றால் மேலே. செல்போனை ஒப்படைக்க வேண்டும், நெட் கிடையாது, வாரத்துக்கு ஒரு தடவை ஆர்மி லைனில் வீட்டோடு பேசலாம், வரிசையில் பின்னால் ஆள் நிற்பான். படிப்பு போச்சு என்று சொன்னேன். அவள் ஏன் போகணும், நான் பார்த்துச் சொல்றேன் என்றாள். நீயா? நான்தான், எனக்குக் காது இல்லையா, ப்ளஸ் டூ பாஸ் பண்ணினவதானே, சேலத்துல சிக்னல் இல்லையா? அப்படித்தான் ஆரம்பித்தது. வாரம் முழுக்கப் பாடத்தைப் பார்ப்பாள், ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சொல்வாள், மகள் நல்லா இருக்காள், அம்மாவுக்கு முழங்கால் வலி, இந்த வாரம் சுண்ணாம்புப் பாறை, கேட்டுக்கோங்க. முதலில் ஒப்பிக்கிற மாதிரிதான் சொன்னாள். அப்புறம் எப்போது மாறியது என்று தெரியவில்லை, அவளே கேட்க ஆரம்பித்தாள். ஏங்க, கடலுக்கு அடியில் இருந்தது எப்படிங்க மலை மேலே போச்சு? மேடம் சொன்னாங்க, எனக்குப் புரியுது, ஆனா நம்ப முடியலைங்க. ஒரு நாள் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு டவுன் பஸ் ஏறி வெள்ளைக்கல் சுரங்கத்துக்கே போயிருக்கிறாள். சின்ன வயதிலிருந்து அந்த வழியாகத்தான் போய்வந்தவள், ஒரு நாளும் இறங்கினதில்லை. கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தாளாம், பழுப்பும் பச்சையுமாக இருக்கிற பாறைக்குள் வெள்ளை நரம்பு நரம்பாக ஓடுகிறதாம். வேலிக்கு இந்தப் பக்கம் கிடந்த துண்டு ஒன்றை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறாள். ஒட்டிக்கிச்சுங்க, நாக்கை விடவே மாட்டேங்குது! எதையும் நாக்கில் வைத்துப் பார்ப்பாள், மாவோ புளியோ கல்லோ. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற லான்ஸ் நாயக் என்ன அண்ணே சிரிக்கிறீங்க என்றான். கல்லு நாக்குல ஒட்டுதாம்டா என்றேன்.

வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பச்சையாங்க. அந்தக் கல்லைப் பற்றி நான்தான் பேச்சை எடுத்தேன். பங்கருக்குப் பள்ளம் தோண்டும்போது வந்தது, கையில் எடுத்தால் மெழுகு பூசின மாதிரி, பாம்புத் தோல் மாதிரி வரி வரியாக, அழகாக இருந்தது, அவளிடம் சொன்னால் சந்தோஷப்படுவாள் என்று சொல்லிவிட்டேன். ஒரு கல்லைச் சொல்வதில் என்ன இருக்கிறது. ஊரைச் சொல்லவில்லை, மலையைச் சொல்லவில்லை, ஆற்றைச் சொல்லவில்லை, இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, மனசுக்குள்கூட அந்தப் பெயரைச் சொல்லாமல் பழகிவிட்டேன், மேலே என்றுதான் நினைப்பேன். ஆனால் அந்தக் கல்லைப் பற்றிய பாடத்தை நேற்று இரவு, வைவாவுக்காக இங்கே கீழே இறங்கி வந்தபின், இந்த லேப்டாப்பில் பார்த்தேன். மேடம் அதே கல்லை மேஜை மேல் வைத்தார். செர்பன்டினைட், வாயில் நுழையாவிட்டால் பாம்புத்தோல் கல் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பூமிக்கு ஆழத்தில் இருக்கிற பாறைக்குள் தண்ணீர் புகுந்து இப்படி ஆகிறது, பெரும்பாலும் கடலடியில். அப்புறம் இந்தியப் படத்தை எடுத்தார். அதில் பச்சைப் பொட்டு வைத்தார். ஒரு பொட்டு அந்தமானில், ஒன்று கிழக்கு எல்லையில், ஒன்று ராஜஸ்தானில், ஒன்று வடக்கே மேலே. பார்த்துக்கொண்டே இருந்தேன். எண்ணினால் மொத்தமே ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடுகிற பொட்டுகள். சரி, இருக்கட்டுமே, நாலைந்து இடம் இருக்கிறது, எது என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று போர்வையை இழுத்துக்கொண்டு படுத்தேன். காலையில் பல் தேய்க்கும்போது பருப்பு ஞாபகம் வந்தது. போன மாதமோ அதற்கு முந்தைய மாதமோ, பருப்பு சீக்கிரம் வேகுதுங்களா அங்க என்று கேட்டாள். குக்கர் இல்லாமல் வேகவே வேகாது என்றேன். அப்போதே அந்தமான் போய்விட்டது, ராஜஸ்தான் போய்விட்டது. உயரத்தில்தான் பருப்பு வேகாது. அதற்கு அடுத்த வாரம், புல்லு பூண்டு இருக்குதுங்களா, ஆடு மாடு மேயுமா? ஒரு பச்சை இல்லை, மொட்டை என்றேன். கிழக்கு எல்லை முழுக்கக் காடு. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், இங்க லைட்டு போட்டாச்சுங்க, அங்க போட்டாச்சா? இல்லையே, இன்னும் வெயில் இருக்கிறது என்றேன். கிழக்கே என்றால் அந்நேரம் எப்போதோ இருட்டியிருக்கும். கேட்டது ஒவ்வொன்றும் பெண்சாதி கேட்கிற கேள்வி. சொன்னது ஒவ்வொன்றும் ஒன்றுமில்லாத பதில். எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு பொட்டுதான் மிஞ்சுகிறது.

அப்படியென்றால் தெரிந்தே கேட்டாளா? இல்லை, சும்மா கேட்டது இப்போது எனக்கு அப்படித் தெரிகிறதா? தெரிந்து கேட்டிருந்தால் நான் சொன்னதாக ஆகுமா? கபிரியேல் சாப்பைப் பார்க்கிறேன், அவர் முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். சாப், நம்ம வீட்டுக்காரி நாம இருக்கிற இடத்தைக் கண்டுபிடிச்சுட்டா என்று சொன்னால் என்ன ஆகும்? விசாரணை வரும், படிப்பு அனுமதியை எடுத்துவிடுவார்கள், எனக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும். சொல்லுவதற்கு என்ன இருக்கிறது, பருப்பு வேகவில்லை என்றேன் சாப் என்று சொல்வதா. ஆனால் இது ஒரு பக்கம்தான். இன்னொரு பக்கம் ஒன்று குறுகுறு என்று இருக்கிறது, அது பயம் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் டி.வி.யில் காட்டினார்களே, மலைச்சரிவு, படையின் பொறியாளர் பிரிவு ஒன்று மண்ணுக்குள் சிக்கியது என்று. நான் அப்போது பாலைவனத்தில் இருந்தேன். மணல் புயலில் லைன் போய்விட்டது, பேச முடியவில்லை. அவளுக்கு நான் எங்கே என்று தெரியாது. சேனல் சேனலாக மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம், சோறு இறங்கவில்லையாம், தூக்கி வருகிற ஸ்டிரெச்சர் ஒவ்வொன்றிலும் காலைப் பார்த்தாளாம், என் இடது கால் பெருவிரல் வளைந்திருக்கும், அதைத் தேடியிருக்கிறாள். அவள் தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரியும். லைன் வந்து நான் பேசியபோது அவள் கேட்டது சாப்பிட்டீங்களா என்று ஒன்றுதான். நான் காலடி வைக்காத ஒரு மலைக்காக அவள் அத்தனை நாள் அழுதிருக்கிறாள், நான் அந்த நேரத்தில் மணலை உதறிவிட்டு ரொட்டி தின்றுகொண்டிருந்திருக்கிறேன். அப்போது எங்களுக்கு நடுவே இருந்த தூரம் வெறும் மைல் கணக்கு இல்லை என்று தோன்றுகிறது. கல்லு என்னங்க சொல்லும் என்று சிரித்தவள், கல்லைக் கேட்டே ஆக வேண்டும் என்று எந்த நாளில் முடிவு செய்தாள்? முதல் பாடத்திலா? நான் பார்த்துச் சொல்றேன் என்று சொன்னாளே, அன்றைக்கேவா?

வணக்கம், மாதேஸ்வரன்தானே, குரல் கேட்கிறதா? வட்டம் போய் ஹேமலதா மேடம் வந்துவிட்டார், வீடியோவில் பார்த்ததைவிட வயதானவராக, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு. வணக்கம் மேடம், நல்லாக் கேக்குதுங்க. எனக்குப் பின்னால் இருக்கிற வெள்ளை விரிப்பைப் பார்க்கிறார், எங்கே இருக்கீங்க என்று ஆரம்பித்துவிட்டு அவரே நிறுத்திக்கொள்கிறார், அதைக் கேட்கக்கூடாது இல்ல, சரி விடுங்க. பாறையின் வகைகளைக் கேட்டார், சொன்னேன். மடிப்புக்கும் பிளவுக்கும் வித்தியாசம் கேட்டார், கையால் காட்டினேன், கபிரியேல் சாப் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேடம் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, பாடத்தை விடுங்க, நீங்க நேரில் பார்த்த ஒரு பாறையைப் பத்திச் சொல்லுங்க, ஏதாவது ஒண்ணு என்றார். என்னைவிட அதிகமாக நேரில் பாறை பார்த்தவன் அந்த வகுப்பில் இருக்க மாட்டான். கோடு கோடாகப் பிளந்தது, நட்சத்திரம் மாதிரி உள்ளே மின்னியது, வழவழவென்று பச்சையாகக் கையில் கிடந்தது, எல்லாம் வரிசையில் வந்து நிற்கிறது, ஒன்றைக்கூட வெளியே விட முடியாது, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கபிரியேல் சாப் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருகிறார். எங்க ஊர் வெள்ளைக்கல் மேடம், சேலத்துல என்று என் வாய் சொன்னது. சொல்ல ஆரம்பித்ததும் வந்துகொண்டே இருந்தது, பழுப்பும் பச்சையுமான பாறை, அதுவும் ஆழத்திலிருந்து மேலே வந்ததுதான், தண்ணீர் விரிசலுக்குள் புகுந்து புகுந்து உள்ளே வெள்ளை நரம்பாக ஆகியிருக்கிறது, துண்டை எடுத்து நாக்குல வச்சா ஒட்டிக்கும் மேடம், சின்னச் சின்னத் துவாரம் இருக்குது, எச்சிலை உறிஞ்சிக்கும், அதனாலதான். மேடம் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். நாக்குல வச்சுப் பார்த்தீங்களா? இல்லைங்க மேடம், பொய் சொல்லக்கூடாது, நான் அங்க இறங்கிப் பார்த்ததே இல்லைங்க, வீட்டுக்காரி போய்ப் பார்த்துட்டு வந்து போன்ல சொன்னாங்க. நீங்க பாடத்தைப் பார்க்கலையா? எனக்கு நெட் இல்லைங்க மேடம், அவங்கதான் பார்ப்பாங்க, பார்த்து எனக்குச் சொல்வாங்க. அவங்களும் நம்ம மாணவியா? சேரலைங்க மேடம், படிக்கிறாங்க. மேடம் தலையைக் குனிந்துகொண்டார், சிரிக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. நேரில் பார்த்ததைத்தான் கேட்டேன், அதற்கு மார்க் குறையும், ஆனா இவ்வளவு தெளிவாப் புரிஞ்சு சொன்னதுக்குக் கூடும், ரெண்டும் சரியாப் போச்சு, பாஸ்தான் மாதேஸ்வரன், அவங்ககிட்டயும் சொல்லிடுங்க என்றார். திரை இருண்டது. கபிரியேல் சாப் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். நான் பயந்துட்டேன்யா, மேல இருக்கிற கல்லைச் சொல்லிடுவியோன்னு!

இங்கே கீழே லைனில் கூட்டம் இல்லை. போய்ப் பேசு என்று சாப்பே அனுப்பினார். மணி அடித்ததும் எடுத்துவிட்டாள். பாஸ் என்றேன். தெரியுங்க என்றாள். எப்படித் தெரியும்? நீங்க வணக்கம் சொல்லாம ஆரம்பிச்சீங்களே. மேடம் உன்னைக் கேட்டாங்க, நாக்குல ஒட்டினதைச் சொன்னேன். ஐயோ, அதையா சொன்னீங்க, பைத்தியம்னு நினைச்சிருப்பாங்க என்று சிரித்தாள். சிரிப்பு முடியும் வரை இருந்தேன். தவமணி, அந்தக் கல்லு, என்று ஆரம்பித்தேன். அவள் குறுக்கே வந்துவிட்டாள், அவ்வளவு வேகமாக. அதைப் பத்தி இனிமே பேச வேண்டாங்க, நான் கேக்கவும் மாட்டேன், நீங்க சொல்லவும் வேண்டாம். பிறகு குரலை இறக்கி, ஒண்ணு மட்டும் சொல்லட்டுங்களா, அந்தக் கல்லு ஈரமானா வழுக்குமாம், பாரம் தாங்காதாம், சரிஞ்சு வருமாம், பள்ளம் தோண்டறப்ப மேல பார்த்துத் தோண்டுங்க. சரி என்றேன். அப்புறங்க, இனிமே டி.வி.யில எந்த ஊரைக் காட்டினாலும் பயந்துக்க மாட்டேன், நீங்க அதை நினைச்சுக் கவலைப்படாதீங்க. நான் சரி என்றேன். மறுபடியும் குக்கர் விசில் கேட்டது. பிறகு மெதுவாக, ஒரு ஊரைத் தவிர என்றாள்.

எந்த ஊர்? கேட்க முடியாது. கேட்டால் அவள் சொல்லிவிடுவாள், சொன்னால் நான் ஆமா என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும், சும்மா இருந்தால் அதுவும் ஒரு பதில்தான். வைக்கட்டுமா என்றேன். வைங்க என்றாள். இப்போது லாரி மறுபடி மேலே ஏறிக்கொண்டிருக்கிறது, பின்னால் நானும் அரிசி மூட்டைகளும், கித்தான் விளிம்பு காற்றில் அடித்துக்கொண்டே இருக்கிறது, வளைவுக்கு வளைவு பாறை கைக்கு எட்டுகிற தூரத்தில் வந்து போகிறது, சாம்பல், கருப்பு, திடீரென்று ஒரு பச்சை, மறுபடியும் சாம்பல். பயம் எங்கே போயிற்று என்று தேடிப் பார்க்கிறேன், இருக்கிறது, ஆனால் சின்னதாகிவிட்டது, அதன் இடத்தில் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பொட்டு பெரியது. மேடம் வைத்தபோது கட்டைவிரல் அளவு இருந்தது, அதற்குள் எத்தனை பள்ளத்தாக்கு, எத்தனை ஊர். அவள் எதைப் பிடித்தாள்? சரியாகப் பிடித்தாளா, பக்கத்து மலையைப் பிடித்துக்கொண்டாளா? தப்பாக இருந்தால் என்ன, திருத்த எனக்கு வழியில்லை, சரியாக இருந்தாலும் தெரிந்துகொள்ள வழியில்லை. கல்யாணமானதிலிருந்து நான் எங்கே இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாமல் இருந்தது, இன்றைக்கு அவள் என்னை எங்கே வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. எட்டிக் கையை நீட்டிப் பாறையைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது, விரல் ஈரமானது. சேலத்தில் இந்நேரம் அவள் துணி காயப்போட மாடி ஏறியிருப்பாள், வடக்கே திரும்பி நிற்பாள், எனக்கு நிச்சயம். அவள் மனசுக்குள் நான் நிற்கிற அந்த ஊரில் இப்போது வெயில் அடிக்கிறதா, பனி பெய்கிறதா, அதை மட்டும் யாராவது சொன்னால் தேவலை.